இப்போது என்ன வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? சக வாசகர்களுக்கு எந்தப் புத்தகங்களைப் பரிந்துரைப்பீர்கள்?

புதிதாக எதுவும் இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை மூன்றாம் முறையாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இந்த முறை வாய்விட்டு. கேட்பவர் என் அம்மா. வயது 83. இரண்டு கண்களிலும் பார்வை மங்கிவிட்டது. காது மட்டும் பாம்புக் காது.

நான் கோலாலம்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அம்மா பினாங்கில், ஆயர் ஈத்தாமில், தம்பி வீட்டில் இருக்கிறார். மாதம் இரண்டு சனிக்கிழமை காலையில் கேஎல் சென்ட்ரலில் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரி பிடித்துப் போவேன். ரயிலில் நாலு மணி நேரம். அதில் அன்றைக்கு வாசிக்க வேண்டிய பக்கங்களை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வேன். தடுமாறினால் அம்மாவுக்குப் பிடிக்காது.

என்னிடம் இருப்பது பழைய பிரதி. சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகள் ஒன்றில், மலாய்ப் பள்ளிப் பாடநூல்களின் அடியில் கிடந்தது. எட்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். எனக்கு முன் அதை வைத்திருந்தவர் யாரோ, புரியாத சொற்களுக்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் பொருள் எழுதி வந்திருக்கிறார். சின்னச் சின்ன, அழகான எழுத்து. நாற்பது பக்கம் தாண்டியதும் பென்சில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு தாள்கள் புத்தம் புதிதாக இருக்கின்றன.

இந்த நாவலை ஆரம்பித்துவிட்டு மூடிவைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். முதல் முறை நானும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சுமத்ராத் தீவின் மேடான் நகருக்குள் நுழைவதை மக்கள் வேடிக்கை பார்ப்பதில் கதை தொடங்குகிறது. டச்சுத் தெருப் பெயர்கள், மலாய்ச் சொற்கள், வட்டிக்கடைப் பேச்சு, நடுவே சட்டென்று மதுரை என்று எல்லாம் ஒன்றாக வந்து மேலே விழும். அங்கே அகராதி தேடாதீர்கள். யார் பேசுகிறார்கள் என்றுகூடக் கவலைப்படாமல் ஐம்பது பக்கம் ஓடிவிடுங்கள். நாயகன் பாண்டியன் மேடானிலிருந்து தொங்கானில் பினாங்குக்குக் கிளம்பி, நடுக்கடலில் புயல் பிடிக்கும் இடம் வரைக்குமாவது வாருங்கள். அந்தப் பக்கங்களில் வாக்கியங்களே அலை மாதிரி எழும்பி விழுகின்றன. தமிழ் உரைநடையில் கடலை இப்படி நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சிங்காரம் 1938இல் பதினெட்டு வயதில் மேடானுக்கு வேலைக்கு வந்தவர். போர் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் காலம் தள்ளினார். எழுதியவை இரண்டே நாவல்கள். 'புயலிலே ஒரு தோணி' ஆண்டுக்கணக்கில் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து 1972இல்தான் வெளிவந்தது. அந்தப் பதிப்பாளர்களை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

அம்மாவுக்கு ஏன் இதை வாசிக்கிறேன் என்றால், என் தாத்தா பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடைக்காரர்கள் தொழில் நடத்தித் தங்கிய கட்டடத்தில், சமையல்காரராக இருந்தார். அம்மா சிறுமியாக இருந்தபோது பின்கட்டு வழியாகப் போய் அவருக்கு வெற்றிலை கொடுத்துவிட்டு வருவாராம். மார்க்கெட் ஸ்ட்ரீட்டை இன்றும் கடைத்தெரு என்றுதான் சொல்வார். நாவலில் வட்டிக்கடை வரும் பக்கங்களை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"பெட்டியடியில் நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருக்கும்போது முழங்காலில் கையூன்றி 'முருகா' என்பார்கள். அடுப்படியில் அப்பாவுக்கு அது கேட்கும். எத்தனை 'முருகா' கேட்கிறதோ அத்தனை இலை போடுவார்."

இது நாவலில் இல்லை. நான் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். முன்னவர் விட்ட வேலையை யாராவது தொடர வேண்டுமல்லவா?

சிவகங்கைப் பக்கம் இருக்கும் அத்தை மகனும் என் தொல்லை தாங்காமல் இதே நாவலை வாசிக்கத் தொடங்கினார். ஒருநாள் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "தொங்கான் என்றால் எதிலிருந்து தொங்குவது?" சிரித்து முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. "அத்தான், அது சரக்கு ஏற்றும் மரக்கலம், மலாய்க்காரர்கள் தொங்காங் என்பார்கள்" என்று எழுதினேன். தவுக்கே என்றால் சீன முதலாளி என்பதும் இங்கே பிறந்த குழந்தைக்குத் தெரியும். ஆனால் பாண்டியனின் நினைவில் மதுரை வரும் இடங்களில் நான் திருதிருவென்று விழித்தேன். அத்தான் விளக்குத்தூணில் தொடங்கி ஒவ்வொரு தெருவாகக் குரல்பதிவில் கூட்டிப்போனார். ஆளுக்குப் பாதி நாவல் என்று வைத்துக்கொண்டோம்.

'புயலிலே' மிரட்டினால், அவருடைய முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' கைக்குக் கிடைக்கிறதா பாருங்கள். 1959இல் வந்தது, சிறியது, நேராகச் செல்லும் கதை. வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்து பினாங்குக்குத் திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதத்தின் மேல் அவனுக்குக் காதல். துப்பாக்கி தூக்கியவனை மறுபடியும் பேரேட்டுக்கு முன் உட்காரவைக்க முடியுமா என்று முதலாளி யோசிக்கும் யோசனை இருக்கிறதே, அது அச்சு அசல் நம் ஊர்ப் பெரியவர்களின் யோசனை. கடைசியை நான் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு அந்த முடிவில் கோபம். "பெண் பிள்ளையிடம் ஒருவரும் கேட்கவில்லை பார்" என்றார்.

அடுத்தது எங்கள் வீட்டில் பேசப்படாத விஷயம். பாட்டியின் அண்ணன் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். "சயாமுக்குப் போனார்" என்று மட்டும் சொல்வார்கள், ஏதோ திருவிழாவுக்குப் போன மாதிரி. 1942, 43இல் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது என்பது எனக்குப் பள்ளி முடித்த பிறகுதான் தெரிந்தது. அங்கே செத்தவர்களில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே பல மடங்கு அதிகம். அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். காஞ்சனாபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பாட்டியின் அந்த அண்ணனுக்கு எங்கள் வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் இந்தப் பாதையைப் பற்றிய மலேசிய நாவல்கள். நடையழகுக்காக நான் இவற்றைக் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர் ஒருவர் இருந்தால் வாசியுங்கள். அம்மாவுக்கு இவற்றை நான் வாசித்துக்காட்டவில்லை.

காசு செலவழிக்காமல் தொடங்க விரும்புகிறவர்களுக்கு ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற தமிழ் மின்னூல் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நோயில் விழுந்த ஒரு முதியவரின் கதை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்து பழகியவர்கள் கொஞ்சம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு திறக்கவும். ஆங்கிலம் வாசிப்பவர்கள், மலேசிய எழுத்தாளர் டான் துவான் எங் எழுதிய 'தி கிஃப்ட் ஆஃப் ரெயின்' நாவலைச் சிங்காரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே பினாங்கு, அதே போர். பார்ப்பவன் மட்டும் பாதி வெள்ளை, பாதி சீனம், பெரிய பங்களாவில் வளர்ந்தவன்.

நாங்கள் இப்போது புயல் கட்டத்தில் நிற்கிறோம். போன வாரம் இரண்டு பக்கம்தான் நகர்ந்தது. தொங்கான் ஆட ஆரம்பித்ததும் அம்மாவுக்கு ரஜூலா கப்பல் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் நாகப்பட்டினத்திலிருந்து அதில் திரும்பி வந்திருக்கிறார். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தது, பக்கத்துப் பாய்க்காரி கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை நக்கி நக்கி வாந்தியை அடக்கியது என்று பேசிக்கொண்டே போனார். நான் புத்தகத்தை மூடி, ஃபெரி டிக்கெட்டை அடையாளமாக வைத்துவிட்டு வந்தேன். "நான் இல்லாமல் மேலே வாசித்துவிடாதே" என்று உத்தரவு.

ரஜூலா பயணத்தை வைத்து யாராவது நல்ல தமிழ் நாவல் வாசித்திருந்தால் இங்கே எழுதுங்கள். எழுத்து சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, வாசிக்கப்போவது நான்தான்.