வீட்டு விலையும் பங்குச் சந்தையும் எப்போது சரியும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

விலை அளவுக்கு மீறிவிட்டது என்று கண்டுகொள்வது ஓரளவு இயலும். அது எந்த மாதம் சரியும் என்று சொல்ல இயலாது. இயலும் என்பவரிடம் நான் பணத்தைக் கொடுக்க மாட்டேன். 2013இல் பொருளியலுக்கான நோபல் பரிசு, சந்தையில் குமிழிகள் (உண்மை மதிப்பை மீறி ஊதிப்போய், பிறகு வெடிக்கும் விலைகள்) உண்டு என்று வாதிட்ட ராபர்ட் ஷில்லருக்கும், அவற்றை முன்கூட்டியே அடையாளம் காண முடியாது என்ற யூஜின் ஃபாமாவுக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பங்குகள் அறிவுக்கு ஒவ்வாத உற்சாகத்தில் ஏறுகின்றனவோ என்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் 1996 டிசம்பரில் ஐயம் எழுப்பியபோது தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த நாஸ்டாக் பங்குச் சந்தையின் குறியீடு 1,300 அளவில் இருந்தது. 2000 மார்ச்சில் அது 5,048ஐத் தொட்ட பிறகே திரும்பியது; 2002 அக்டோபரில் 1,114 வரை விழுந்தது. அவர் ஐயப்பட்டது சரிதான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டு அன்றே விற்றவர், மூன்று ஆண்டுகளுக்கு மேல் நண்பர்கள் பணம் பண்ணுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இதை என் தாய்மாமா வழியாகப் பார்த்தேன். 1996 ஏப்ரலில் அவர் ஒரு கொண்டோவுக்கு (தனியார் அடுக்குமாடி வீட்டுக்கு) முன்பணம் கட்டினார். மே நடுவில், மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் இலாபத்துக்கு வரி, வீட்டின் மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் கடன் கிடையாது என்று அரசாங்கம் அறிவித்தது. விலை ஏற்றம் நின்றது. மறு ஆண்டு தாய்லாந்தின் பாட் நாணயம் சரிந்து ஆசிய நெருக்கடி வந்தது. 1998 முடிவதற்குள் தனியார் வீட்டு விலைக் குறியீடு சுமார் 45 விழுக்காடு இறங்கியிருந்தது. வீட்டின் மதிப்பு கடனைவிடக் குறைந்துவிட்டதால் வித்தியாசத்தைக் கட்டும்படி வங்கியிலிருந்து வந்த கடிதத்தை, மாமா நான்காக மடித்துச் சட்டைப் பையிலேயே பல வாரங்கள் வைத்திருந்தார். வேலை போகாததால் தப்பினார். 1996இன் உச்சத்தைக் குறியீடு மீண்டும் தாண்டியது 2010இல்தான்.

அந்தக் கடிதம் மனத்தில் இருந்ததால், 2010 தொடக்கத்தில் விற்பவருக்கான முத்திரை வரி வந்தபோது "இதோ, 1996 திரும்புகிறது" என்று முடிவு கட்டி, வாங்கவிருந்த வீட்டைக் கைவிட்டேன். விலை 2013 வரை ஏறியது. பிறகு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் மெல்ல இறங்கி, 2017இல் சுமார் 12 விழுக்காடு குறைந்து நின்றது. நான் வேண்டாமென்ற விலைக்கு அது இறங்கவேயில்லை.

எனவே இப்போது நான் தேதியைத் தேடுவதில்லை. விலை ஏறும் என்பதற்காக மட்டும் வாங்குகிறவர்கள் பெருகுகிறார்களா, வாடகை விலைக்கு ஈடுகொடுக்கிறதா என்று பார்ப்பேன். அதைவிட முக்கியம் சொந்தக் கணக்கு. கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது சிங்கப்பூரின் மத்திய வங்கியான நாணய ஆணையத்தின் இப்போதைய வரம்பு. எனக்கு நான் வைத்துக்கொண்டது 30. ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் போனாலும் தவணை கட்ட முடியுமா என்று தாளில் எழுதிப் பார்த்த பிறகே, 2019இல் ஈசூன் வட்டாரத்தில் வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு ஒன்றை வாங்கினேன். அடுத்த ஆண்டே, கொரோனாவின் நடுவில், மறுவிற்பனை விலைகள் ஏறத் தொடங்கின. அதையும் நான் கணித்திருக்கவில்லை.