நவாஹோ வெள்ளி – கடிதம்

வணக்கம். மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது நியூ மெக்சிகோ பக்கம் சுற்றினோம். போகிற இடமெல்லாம் வெள்ளியில் டர்க்காய்ஸ் என்கிற நீலப்பச்சைக் கல் பதித்த, நவாஹோ பழங்குடியினரின் நகைகள். ஒரு கடையில் வளையல் 40 டாலர், நாலு கடை தள்ளி அதே மாதிரி வளையல் 600 டாலர். எது நிஜம் என்றே தெரியவில்லை. "இது பழங்குடி மரபே இல்லை, மெக்சிகோக்காரர்களிடம் கற்றுக்கொண்டு நூற்றைம்பது வருஷமாகத்தான் செய்கிறார்கள், டூரிஸ்டுக்காக உண்டான சரக்கு" என்றார் மருமகன். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். அவர் சொன்னது சரியா?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

மெக்சிகோக்காரர்களிடம் கற்றது, நூற்றைம்பது வருஷம், இரண்டும் ஏறக்குறைய சரி. ஆனால் அந்த நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால் இதை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

1863, 64ல் அமெரிக்க ராணுவம் நவாஹோ மக்களுடைய சோளக்கொல்லைகளை எரித்தது, ஆடுகளைக் கொன்றது, பீச் மரத் தோப்புகளை வெட்டிச் சாய்த்தது. பிறகு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முந்நூறு மைல் நடத்திக் கொண்டுபோய் பாஸ்கே ரெடோண்டோ முகாமில் அடைத்தது. வழியிலும் முகாமிலுமாகச் செத்தவர்கள் ஏராளம். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் மிஞ்சியவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். வெள்ளி வேலை அவர்களிடையே பரவியது அதற்கு அப்புறம். முதல் வெள்ளிக் கொல்லராகச் சொல்லப்படுகிற அட்சிடி சானி (பெயருக்கே 'முதிய கொல்லர்' என்றுதான் அர்த்தம்) அதற்கு முன்பே ஒரு மெக்சிகோ கொல்லரிடம் இரும்பு வேலை பழகியவர், குதிரைக் கடிவாளம் செய்தவர். எல்லாம் போன பிறகு திரும்பி வந்து, கையில் கிடைத்த டாலர் நாணயத்தையும் மெக்சிகோவின் பேசோ நாணயத்தையும் உருக்கி ஒரு ஜனம் தனக்கு நகை செய்துகொண்டது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனத்துப் போகிறது.

கற்றுக்கொண்டதை அப்படியே வைத்திருக்கவும் இல்லை. அவர்கள் கழுத்தணியின் நடுவில் பிறை மாதிரி தொங்குமே, நாஜா, அது மூர்களிடமிருந்து ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து மெக்சிகோ வந்து, குதிரையின் நெற்றியில் தொங்கிக்கொண்டிருந்த அணி. மெக்சிகோக்காரர்கள் தோல் வேலையில் அடிக்கிற அச்சை இவர்கள் வெள்ளியில் அடித்துப் பார்த்தார்கள். கல் மட்டும் அவர்களுக்குப் புதிதில்லை. அவர்கள் நிலத்தைக் காக்கும் நான்கு புனித மலைகளில் தென்மலை டர்க்காய்ஸ் மலை. மணியாகக் கோத்து அணிந்த அந்தக் கல்லை வெள்ளியில் பதிக்கத் தொடங்கியது 1880ஐ ஒட்டித்தான்.

டூரிஸ்ட் சரக்கு என்பதற்கு வருகிறேன். 1899 வாக்கில் ரயில் பயணிகளுக்கு விற்பதற்காக, ரயில் பாதையோரம் ஹோட்டல்கள் நடத்திய ஃபிரெட் ஹார்வி கம்பெனி எடை குறைந்த நகைகளைச் செய்யச் சொல்லிக் கேட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் கனமான நகைகளை அவர்கள் தங்களுக்காகவே செய்து அணிந்தார்கள். அதுதான் அவர்களுக்கு பேங்க். வசந்த காலத்தில் கம்பளி விற்றால் காசு, இலையுதிர் காலத்தில் ஆட்டுக்குட்டி விற்றால் காசு. நடுவில் மாவும் காப்பியும் வேண்டுமென்றால் வளையலை வணிகச் சாவடியில் அடகு வைப்பார்கள். சடங்கு வந்தால், அடகில் இருக்கிற நகையையே வாங்கிப்போய்ப் போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுப்பதும் உண்டாம். மீட்க முடியாமல் போனதை அங்கே 'செத்த அடகு' என்கிறார்கள். நகை மூழ்கிப்போச்சு என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதேதான். பழைய நகை என்று இன்று பெருமையாக விற்பதில் பல இப்படி மூழ்கியவை.

சரி, 40 டாலருக்கும் 600 டாலருக்கும் என்ன வித்தியாசம்? நியூ மெக்சிகோவின் தலைநகர் சாண்டா ஃபேயில் பழைய ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் வளையலைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். வெளியே அச்சு அடித்த ஒவ்வொரு இடமும் உள்ளே மங்கலாகப் புடைத்திருந்தது, ஒரு வரிசை நூலிழை விலகியிருந்தது. பழைய அரத்தை வெட்டித் தானே செய்த அச்சு என்றார். கல்லைப் பிடித்திருந்த பட்டையின் விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாகப் பல் வெட்டி, ஒவ்வொன்றையும் கல்மேல் அமுக்கியிருந்தார். இதையெல்லாம் செய்துவிட்டு 40 டாலருக்கு எந்தக் கொல்லரும் கொடுக்க முடியாது.

மலிவாகக் கிடைப்பதில் வெளிநாட்டில் மொத்தமாகச் செய்து வந்ததும், பிளாஸ்டிக்கைக் கல் என்று பதித்ததும் நிறைய. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ஐந்து வருஷம் சிறை, இரண்டரை லட்சம் டாலர் அபராதம் வரை போகலாம். அப்படியும் நடக்கிறது, அந்த ஒவ்வொரு போலியும் ஒரு பட்டறையின் அடுப்பை அணைக்கிறது என்பதில்தான் எனக்குக் கோபம்.

விலை அதிகமென்றால் நிஜம் என்றும் நினைத்துவிடாதீர்கள். செய்தவர் யார், கல் எந்தச் சுரங்கத்தது, பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தியதா என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் பெயரோடு சொல்வார், எழுதியும் தருவார். அடுத்த தடவை சாண்டா ஃபே போனால் காலையிலேயே அந்தத் தாழ்வாரத்துக்குப் போங்கள். விற்க வருகிறவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குவார்கள், அவர்கள் துணி விரித்து உட்கார்வார்கள், விற்பவர் செய்தவராகவோ அவர் வீட்டு ஆளாகவோதான் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. மருமகனையும் கூட்டிப் போங்கள்.