ஆம்னி சீட்: மாற்றவா, தைக்கவா?

கேள்வி: களக்காட்டில் வாழைத்தார் ஏற்றும் பழைய மாருதி ஆம்னி. முன் சீட் இரண்டும் குழிந்து கம்பி குத்துகிறது. வேறு வண்டிச் சீட் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா?

பதில்: வேண்டாம். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தான். ஸ்பார்க் பிளக் மாற்றவும் சீட்டைத் தூக்கியாக வேண்டும். பொருந்தாத சீட்டுக்கு பிராக்கெட் வெல்டிங் வைத்தால் அந்த வழி அடைபடும். சடன் பிரேக்கில் வெல்டிங் விட்டால் ஆளோடு சீட்டும் முன்னால் பாயும்.

ஃபிரேம் விரிசல் இல்லையென்றால் 40 டென்சிட்டி (அடர்த்தி) ஃபோம் மாற்றித் தைத்தாலே போதும். ரெக்சின் வேண்டாம், நம்மூர் வெயிலுக்கு முதுகு வெந்துவிடும், துணியே நல்லது. துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடியுங்கள். மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றிய பிறகே இறுக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே இறுக்கினால் மற்றவை துளைக்கு நேராக வராது, மரை போய்விடும். அடியிலுள்ள வெப்பத் தடுப்பு விரிப்பு கிழிந்திருந்தால் அதையும் கையோடு மாற்றுங்கள்.