லாஜிக் அனலைசரில் சிக்னல் பிடிக்க பல்ஸ்வியூ இருக்கும்போது சிக்ராக்-சிஎல்ஐ எதற்கு?

கேள்வி இதுதான்: எட்டுச் சேனல் யுஎஸ்பி லாஜிக் அனலைசர் வாங்கியிருக்கிறேன், பல்ஸ்வியூவில் அலைகள் நன்றாகத் தெரிகின்றன, ஆனால் சிலர் கறுப்புத் திரையில் கட்டளை அடித்தே பிடிக்கிறார்கள், அதில் என்ன லாபம், எப்படித் தொடங்குவது?

லாஜிக் அனலைசர் என்பது கம்பிகளில் ஓடும் டிஜிட்டல் சிக்னல் எப்போது உயர்கிறது, எப்போது விழுகிறது என்று பதிவு செய்யும் பெட்டி. பல்ஸ்வியூவும் சிக்ராக்-சிஎல்ஐயும் சிக்ராக் என்ற ஒரே திறந்த மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்தவை. முன்னது அலையைப் படமாக வரைந்து காட்டும், பின்னது கட்டளை அடித்து ஓட்டுவது. மேசையில் உட்கார்ந்து கண்ணால் பார்க்கிற வேலைக்கு பல்ஸ்வியூ போதும். நானும் தினமும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் நாம் பார்க்கும்போது வராத கோளாறு என்று ஒன்று இருக்கிறது. நாம் கிளம்பிப் போன பிறகு, நடுராத்திரியில், ஒரு நொடி வந்துவிட்டு மறைந்துவிடும். அந்த மாதிரி கோளாறுக்கு சிக்ராக்-சிஎல்ஐ மாதிரி உதவியவன் எனக்கு வேறு யாரும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கட்டளைகளில் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

நான் மதுரையில் மோட்டார் ஸ்டார்டர் போர்டுகளை சர்வீஸ் செய்கிறேன். செல்போனில் கூப்பிட்டால் கிணற்று மோட்டார் ஓடும், நிற்கும், அந்த ஜிஎஸ்எம் ஸ்டார்டர்கள்தான் முக்கால்வாசி. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒரு அண்ணனுடைய ஸ்டார்டர் மட்டும் என்னை மூன்று தடவை அலைய வைத்தது. சிம் மாற்றினேன், ஆன்டெனா மாற்றினேன், கான்டாக்டர் காயிலைக்கூட மாற்றினேன். "தம்பி, நீ நிக்கிற வரைக்கும் ஓடுது. வண்டிய எடுத்துட்டுப் போனதும், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல நின்னுருது. விடிஞ்சு வந்து பாத்தா பாதிக் கொடிக்கால்தான் நனஞ்சிருக்கு" என்றார். கொடிக்காலில் ஈரம் காயவிட்டால் கொடி தாங்காது. த்ரீ பேஸ் கரண்ட் வருகிற நேரத்துக்குள் பாய்ச்சியாக வேண்டும். அவர் சத்தம் போடவில்லை, ஆனால் நான்காவது தடவையும் வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனசு வரவில்லை.

முதலில் மல்டிமீட்டரை நம்பினேன். என்னுடையது யூனி-டி யுடி61இ, கேபிள் வழியாக அளவுகளை வெளியே அனுப்பும். சிக்ராக்குக்கு அந்த மீட்டரையும் தெரியும். சீரியல் போர்ட்டைக் காட்டி, தொடர்ந்து எடு என்று சொல்லிவிட்டால் ஒவ்வொரு அளவையும் வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். சிம் போட்டு டவரோடு பேசுகிற ஜிஎஸ்எம் மாட்யூலுக்குப் போகும் சப்ளையில் வைத்து ஒரு மணி நேரம் பதிவெடுத்தேன். 4.1 வோல்ட், அசையவில்லை. சப்ளை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டினேன். தப்பு. அந்த மீட்டர் நொடிக்கு இரண்டு தடவைதான் அளவு சொல்லும். ஜிஎஸ்எம் மாட்யூல் டவருக்குப் பேசும்போது 4.6 மில்லி நொடிக்கு ஒருமுறை, 577 மைக்ரோ நொடி மட்டும், 2 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தக் குறுகிய பள்ளம் மீட்டரின் கண்ணில் விழவே விழாது.

அப்புறம்தான் லாஜிக் அனலைசரை ராத்திரி முழுக்க அங்கேயே விட்டுவிடலாம் என்று தோன்றியது. மோட்டார் ரூமில் லேப்டாப் வைக்க முடியாது. தூசி, எலி, பாதுகாப்பும் கிடையாது. என்னிடம் ராஸ்பெர்ரி பை 3 என்ற கையளவு கணினி ஒன்று இருந்தது. அதையும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன். ராத்திரியைத் தாராளமாகத் தாங்கும். திரை இல்லை, கீபோர்டு இல்லை, போனின் ஹாட்ஸ்பாட் வழியாக உள்ளே நுழைந்து கட்டளை அடித்தால் போதும். கறுப்புத் திரை எதற்கு என்று கேட்டீர்களே, முதல் காரணம் இது.

நம் கையில் இருக்கும் மலிவான அனலைசர்கள் பெரும்பாலும் சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 என்ற சிப்பை வைத்துச் செய்தவை. அந்தப் பெட்டிக்குச் சொந்தமாக நினைவகம் கிடையாது. ஒவ்வொரு தடவை சொருகும்போதும் கணினிதான் அதற்குள் ஃபர்ம்வேரை, அதாவது அந்தச் சிப்பை இயக்கும் நிரலை, ஏற்றும், அது எடுக்கிற ஒவ்வொரு மாதிரியும் உடனே யுஎஸ்பி வழியாக வெளியே வந்தாக வேண்டும். சிக்ராக் திட்டம் 2010 வாக்கில் தொடங்கியது, ஊவே ஹெர்மன், பெர்ட் வெர்மியூலன் இருவரின் முயற்சி. இந்தச் சிப்புக்கு அவர்கள் சொந்தமாக ஒரு திறந்த ஃபர்ம்வேர் எழுதிக் கொடுத்தார்கள். நகல் பெட்டியை வைத்துக்கொண்டு அசல் கம்பெனியின் மென்பொருளைத் திருட்டுத்தனமாக ஓட்ட வேண்டிய அவசியம் அதனால் இல்லாமல் போனது. இதற்காகவே அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

டெபியன், உபுண்டு, ராஸ்பெர்ரி பை எதுவானாலும் இரண்டு பொதியை நிறுவுங்கள்: சிக்ராக்-சிஎல்ஐ, அதோடு எஃப்எக்ஸ்2 ஃபர்ம்வேர் பொதி. இரண்டாவதை மறந்துவிட்டுத்தான் பலர் கருவி கெட்டுப்போச்சு என்று நினைக்கிறார்கள். நிறுவியதும் ஸ்கேன் கட்டளை கொடுங்கள். சொருகியிருக்கும் கருவியின் பெயரும், டி0 முதல் டி7 வரை சேனல்களும் வரும். ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஓட்டினால் வருகிறது, சாதாரணப் பயனராக ஓட்டினால் வரவில்லை என்றால் அது யுஎஸ்பி அனுமதிச் சிக்கல். சாதாரணப் பயனருக்கு அனுமதி கொடுக்கும் சிக்ராக்கின் யூடெவ் விதிக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால் கருவியைக் கழற்றிச் சொருகினாலே சரியாகிவிடும். விண்டோஸில் என்றால் சாடிக் என்ற சின்ன நிரலை வைத்து வின்யுஎஸ்பி டிரைவரை மாட்ட வேண்டும்.

பிடிக்கும் கட்டளை ஒரே வரி. எந்த டிரைவர், எந்தெந்தச் சேனல், நொடிக்கு எத்தனை மாதிரி, எவ்வளவு நேரம், எந்தக் கோப்பு. ஐந்து விஷயம், அவ்வளவுதான். நான் மூன்று சேனல் எடுத்தேன். டி0 மாட்யூல் பேசுவது. டி1 போர்டை நடத்தும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் மாட்யூலிடம் பேசுவது. டி2 ரிலேயை இழுக்கச் சொல்லி மைக்ரோகன்ட்ரோலர் கொடுக்கும் பின். ரிலே காயிலின் 12 வோல்ட் பக்கம் அல்ல, அங்கே வைத்தால் அனலைசர் போய்விடும்.

மாதிரி வேகத்தில் பேராசை வேண்டாம். பெட்டியில் 24 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதால் எல்லோரும் அதையே வைக்கிறார்கள். மாட்யூல் பேசுவது 9600 பாட், அதாவது நொடிக்கு 9600 பிட். அதில் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோ நொடி. நொடிக்கு 1,00,000 மாதிரி எடுத்தாலே ஒரு பிட்டுக்குப் பத்து கிடைக்கிறது, தாராளம். எட்டுச் சேனலுக்கும் சேர்த்து ஒரு மாதிரிக்கு ஒரு பைட். எட்டு மணி நேரத்துக்கு 2.88 ஜிபி ஆகிறது. 24 மெகாஹெர்ட்ஸில் வைத்திருந்தால் நொடிக்கே 24 எம்பி, எஸ்டி கார்டு ராத்திரியைத் தாண்டியிருக்காது. சிக்ராக்கின் எஸ்ஆர் கோப்பு உள்ளே ஒரு ஜிப் கோப்புதான், ஆகையால் சும்மா கிடக்கும் லைன்கள் நன்றாகச் சுருங்கி, டிஸ்கில் இதைவிட வெகு குறைவாகத்தான் இடம் பிடிக்கும்.

ஒரே கோப்பாக எடுக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக, தொடங்கிய நேரத்தையே பெயராக வைத்து, ஷெல்லில் நாலு வரி லூப் எழுதினேன். நடுவில் ஏதாவது ஆனாலும் ஒரு கோப்போடு போகட்டும் என்றுதான். ஒரு கோப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சின்ன இடைவெளி விழும், அதற்குள் கோளாறு வந்தால் தப்பிவிடும். அதைத் தெரிந்தேதான் செய்தேன். இன்னொன்று, ராஸ்பெர்ரி பை 3இல் கடிகார பேட்டரி கிடையாது. நெட் இல்லாத இடத்தில் நேரம் தப்பாக இருக்கும், கிளம்பும் முன் கையால் நேரத்தைச் சரி செய்யுங்கள்.

ட்ரிகர், அதாவது இன்னது நடந்தால் மட்டும் பிடி என்ற நிபந்தனை, ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். டி2 விழும்போது பிடி என்று சொல்ல முடியும், உயர்வது, விழுவது, இரண்டும் என எல்லாவற்றுக்கும் எழுத்து இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது ரிலே விழுந்த பிறகு நடந்தது அல்ல, விழுவதற்கு முன்னால் நடந்தது. முன்பகுதியையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொல்ல வழி உண்டு, எவ்வளவு முன்னால் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதபோது முழுவதையும் எடுத்துவிடுவதே மேல்.

காலை ஆறு மணிக்குப் போனேன். "ரெண்டேகால் இருக்கும் தம்பி, சத்தம் நின்னுச்சு" என்றார் அண்ணன். அவர் தூங்கவே இல்லை போல. கோப்புகளை எடுத்துக்கொண்டு, மோட்டார் ரூம் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பிடித்த கோப்பை மறுபடி சிக்ராக்-சிஎல்ஐக்கே உள்ளே கொடுத்து, யுஆர்ட் டிகோடரை (சீரியல் லைனின் ஏற்ற இறக்கத்தை எழுத்தாக மாற்றும் நிரல்) போடு, டி0வைப் படி, பாட் 9600, எழுத்தாகக் காட்டு என்று சொன்னால் மாட்யூல் பேசியது எல்லாம் எழுத்தாக வரும். டிகோடர்கள் எல்லாம் பைத்தானில் எழுதியவை, நூறுக்கும் மேல் இருக்கின்றன, ஐ2சி, எஸ்பிஐ, கேன் எதுவும் இப்படித்தான்.

நாற்பத்தெட்டுக் கோப்பையும் ஒரே லூப்பில் ஓட்டி, "வார்னிங்" என்ற ஆங்கிலச் சொல்லை கிரெப் என்ற தேடும் கட்டளையில் தேடினேன். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் மனசு விட்டுப்போச்சு. பிறகு இரண்டு மணி பத்து நிமிடக் கோப்பைத் தேடாமல் அப்படியே திரையில் ஓட விட்டேன். டிகோடர் ஒரு எழுத்துக்கு ஒரு வரி எழுதும், அது எனக்கு உறைக்கவில்லை. திரையில் எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. யு. என். டி. இ. ஆர். மேலிருந்து கீழாக விரலை வைத்துப் படித்தேன்: "அண்டர்-வோல்டேஜ் வார்னிங்". வரி உடைப்புகளை நீக்கி ஒட்டிவிட்டு மறுபடி தேடினேன், அப்போதும் அந்தச் சொல் அகப்படவில்லை. உற்றுப் பார்த்தால் சிம்800 வகை மாட்யூல் அந்தச் சொல்லில் ஆங்கில என் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு அனுப்புகிறது, அதன் ஆவணத்திலேயே அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ஆகவே இதே மாட்யூலைத் தேடுகிறவர்கள் "அண்டர்" என்பதை மட்டும் தேடுங்கள்.

மாதிரி எண்ணையும் சேர்த்துக் காட்டு என்று ஒரு விருப்பம் உண்டு, அதைக் கட்டாயம் போடுங்கள். எச்சரிக்கை தொடங்கியது 1,84,20,000ஆவது மாதிரியில். ஒரு லட்சத்தால் வகுத்தால் 184.2 நொடி. அதாவது இரண்டு மணி பதின்மூன்று நிமிடம், நான்கு நொடி. இந்த ஒரு கோப்பை மட்டும் வீட்டுக்கு வந்து பல்ஸ்வியூவில் திறந்தேன், இரண்டுக்கும் ஒரே கோப்புதான். வரிசை தெளிவாக இருந்தது. எச்சரிக்கை, ஒரு நொடிக்குள் "பவர் டவுன்", மாட்யூல் மௌனம். மைக்ரோகன்ட்ரோலர் மூன்று தடவை ஏடி என்று, இருக்கிறாயா எனக் கேட்கும் கட்டளையைக் கொடுத்து, கூப்பிடுகிறது, பதில் இல்லை. ஏழாவது நொடியில் தன்னையே ரீசெட் செய்துகொள்கிறது, டி2 விழுகிறது, மோட்டார் நிற்கிறது.

மாட்யூலுக்கு 3.4 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. பக்கத்தில் இருந்த 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் தகர ஓட்டு வெக்கையில் வற்றிப் போயிருந்தது. ராத்திரி சுற்றிலும் எல்லா மோட்டாரும் ஓடும்போது லைன் வோல்டேஜும் இறங்கிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து மாட்யூல் டவரோடு முழு பலத்தில் பேசினால் சப்ளை குழியில் விழுகிறது. பகலில் நான் போய் நின்ற நேரத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடவே இல்லை. 105 டிகிரி தாங்கும், உள்தடை குறைந்த 2200 மைக்ரோஃபாரட் ஒன்றை மாட்யூலின் காலுக்கு ஒட்டி வைத்து, சப்ளைத் தடத்தின் மேல் ஒரு தடித்த கம்பியையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மறுநாள் ராத்திரியும் அதே டப்பாவை விட்டுவிட்டு வந்தேன். நாற்பத்தெட்டுக் கோப்பிலும் "அண்டர்" இல்லை. கொடிக்கால் முழுக்க நனைந்திருந்தது.

கருவி கையில் இல்லாத நேரத்தில் பழக, டெமோ என்றே ஒரு டிரைவர் உள்ளே இருக்கிறது, போலி அலைகளை உண்டாக்கித் தரும். கட்டளைகளை அதில் அடித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த அனலைசர்களில் போர்டையும் கணினியையும் மின்சார ரீதியில் பிரிக்கும் எந்தத் தடுப்பும் கிடையாது. அனலைசரின் கிரவுண்டும் உங்கள் கணினியின் கிரவுண்டும் ஒன்று. சில ஸ்டார்டர், டைமர், எனர்ஜி மீட்டர் போர்டுகளில் டிரான்ஸ்பார்மரே இருக்காது, கெப்பாசிட்டரை வைத்து நேராக மெயினிலிருந்து சப்ளை எடுத்திருப்பார்கள். அந்தப் போர்டின் கிரவுண்டிலேயே மெயின் கரண்ட் இருக்கும். அதில் கொக்கியை மாட்டினால் அனலைசர், கணினி, அதைத் தொடுகிற ஆள் எல்லாம் லைனில் சேர்ந்துவிடும். பேட்டரியில் ஓடுகிற கணினி என்பதாலும் அந்த ஆபத்து போகாது. அந்த அண்ணன் போர்டில் டிரான்ஸ்பார்மர் இருந்தது, இருந்தும் கரண்டை நிறுத்திவிட்டு, போர்டு கிரவுண்டுக்கும் மூன்று பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மீட்டரில் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாட்டினேன். தொடர்பு இருந்தால் நேராக மாட்டவே வேண்டாம். சிக்னலை ஒரு ஆப்டோகப்ளர் (கம்பித் தொடர்பு இல்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் சிப்) வழியாக எடுங்கள், 9600 பாடுக்கு பிசி817 சமாளிக்கும். நீங்கள் கட்டிய விதத்தில் சிக்னல் தலைகீழாக வந்தால் யுஆர்ட் டிகோடரிலேயே அதைத் திருப்பிப் படிக்கச் சொல்லும் விருப்பம் இருக்கிறது.