641 எங்கிருந்து வந்தது?

கேள்வி: 429,49,67,297 என்ற எண்ணை 3, 7, 11, 13 என்று சிறிய பகா எண்களால் வரிசையாக வகுத்துப் பார்த்தேன், எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை. இதைப் பகா எண் என்று கொள்ளலாமா? இல்லையெனில், கணிப்பொறியின் துணையின்றி அதை எப்படி அறிவது?

பதில்: கொள்ள முடியாது. இந்த எண் 641 × 67,00,417 எனப் பிரிகிறது. ஆனால், உங்கள் ஐயம் பழையது. பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவே இதைப் பகா எண் என்றுதான் நம்பினார். இது 2³² + 1. இதே அமைப்பில் 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக அமைந்துவிட்டதால், இனி வருபவையும் அப்படியே இருக்கும் என்று அவர் கருதினார். அடுத்த எண்ணிலேயே அது பொய்த்துப்போனதை 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார்.

வெறும் வகுத்தலில் இறங்கினால், 65,536 வரையுள்ள 6,542 பகா எண்களையும் சோதிக்க நேரலாம். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அது 64-இன் ஏதேனும் ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்பதையும் ஆய்லரே நிறுவினார். அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன; ஆகவே ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

அந்த வகுத்தலும்கூடத் தேவையில்லை. 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴ என்றும் அமைகிறது. முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-க்கு மீதி −1, அதாவது மீதியின்றி வகுபட ஒன்று குறைகிறது. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴-க்குப் பதிலாக −2⁴ என்று எழுதலாம். அப்போது −2³²-க்கு மீதி 1 என்றாகிறது. அதாவது, 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. நான்கு வரிகளில் முடியும் இந்த நிரூபணத்தை எந்தக் கணிப்பொறி விடையைவிடவும் உயர்ந்ததாகவே நான் மதிப்பேன்.

67,00,417 மேலும் உடையுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உடையாது. அதன் வர்க்கமூலம் 2,589-க்கும் குறைவு. 641 முதல் அந்த எல்லை வரை மேற்சொன்ன அமைப்பில் உள்ள பகா எண்கள் ஏழே, அவற்றில் எதுவும் அதை வகுப்பதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. இந்த எண் 65,536² + 1² என்பது வெளிப்படை. 62,264² + 20,449² என்றும் அதை எழுதலாம் என்பது அத்தனை வெளிப்படையன்று. நான்கால் வகுக்கும்போது மீதி 1 தரும் பகா எண்ணை ஒரே ஒரு விதத்தில்தான் இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும். இங்கே இரண்டு விதங்கள் இருப்பதால், காரணி எதையும் காணாமலேயே இது பகா எண் அன்று என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம்.