கருவாட்டு வாசம் தெரியவில்லை, திரும்ப வருமா டாக்டர்?

கேள்வி: தங்கச்சிமடத்தில் கருவாடு வியாபாரம் செய்கிறேன். வயது 52. நாலு மாசத்துக்கு முன் சளியும் காய்ச்சலும் வந்து போனதிலிருந்து எந்த வாசனையும் தெரியவில்லை. இப்போது கொஞ்ச நாளாகக் காபி குடித்தால் கருகல் நாற்றம் அடிக்கிறது. தைலம் மட்டும் மூக்கில் ஏறுகிறது. மூக்கில் எண்ணெய் விட்டால் சரியாகும் என்கிறார்கள். விடலாமா? சரக்கு கெட்டிருக்கிறதா என்று பார்க்கக்கூட முடியாமல் தவிக்கிறேன்.

பதில்: அம்மா, காபியில் கருகல் நாற்றம் அடிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குத் தெம்பு தந்தது. உங்களுக்குத் தொந்தரவாகத் தெரிவது, பெரும்பாலும் வாசனை நரம்பு மறுபடி துளிர்க்கிற காலத்தில் வருவது.

மூக்கின் உச்சிக் கூரையில் சின்னதாக ஒரு சவ்வு இருக்கிறது. வாசனையைப் பிடிக்கும் நரம்புச் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. உடம்பில் பல நரம்புச் செல்கள் போனால் போனதுதான். இவையோ ஆயுள் முழுக்கப் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும். வைரஸ் காய்ச்சல் இந்தச் சவ்வைத் தாக்கும்போது வாசனை அற்றுப்போகிறது.

கருகல் நாற்றம் ஏன் வருகிறது என்பது லிண்டா பக் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் ஆராய்ச்சியால் புரிகிறது. 1991-ல் அவரும் ரிச்சர்ட் ஆக்சலும் வாசனையை உணரும் ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை எலியில் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உண்டு. ஒரு நரம்புச் செல்லுக்கு ஒரே வகை ஏற்பிதான். ஆனால் ஒரு மணம் பல வகை ஏற்பிகளைச் சேர்ந்தாற்போலத் தூண்டும். எவையெல்லாம் தூண்டப்பட்டன என்பதை வைத்தே மூளை ‘இது காபி, இது நெத்திலி’ என்று அடையாளம் சொல்கிறது. புள்ளி சில விட்டுப்போன கோலம் வேறு உருவாகத் தெரியும் அல்லவா? உங்கள் மூக்கில் இன்னும் எல்லாப் புள்ளியும் விழவில்லை.

தைலம் ஏறுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முகத்தில் எரிச்சலையும் குளிர்ச்சியையும் உணர்த்தும் நரம்பு வேறு. அது நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூக்கில் சதை வளர்ச்சி, சைனஸ் சீழ் ஏதும் இருக்கிறதா என்று குழாய் கேமரா வைத்துப் பார்த்துச் சொல்வார். இடையில் கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தாலோ, ஒரு மூக்கில் மட்டும் தண்ணீராக ஒழுகினாலோ மறக்காமல் சொல்லுங்கள். அப்படியானால் நாள் கடத்தக் கூடாது.

வேறு கோளாறு இல்லையென்றால் மூக்குப் பயிற்சிதான் வழி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து தாமஸ் ஹும்மல் குழு 2009-ல் வெளியிட்ட முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி மெதுவாக மோந்து பாருங்கள். மோக்கும்போது அதன் பழைய வாசனையை மனசில் கொண்டுவர வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பன்னீரும், கீறிய எலுமிச்சைத் தோலும், இடித்த கிராம்பும், யூகலிப்டஸ் தைலமும் போதும், கடையில் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். குறைந்தது மூன்று மாதம். முதல் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். எல்லோருக்கும் முழுசாகத் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பயிற்சி செய்கிறவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது.

அதுவரை சரக்கை மூக்கை நம்பி எடுக்காதீர்கள். கருவாட்டை வெளிச்சத்தில் பிரித்து, செவுளோரமும் வயிற்றுப்புறமும் பாருங்கள். இளஞ்சிவப்புப் படிவோ பூஞ்சையோ தெரிந்தால், பிசுபிசுத்தால் ஒதுக்கிவிடுங்கள். சந்தேகம் வந்தால் வீட்டில் மூக்கு நன்றாக உள்ள ஒருவரைக் கேளுங்கள். பச்சை மீனில் சூரை, அயிலை, சாளை மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். நாற்றம் வரும் முன்பே சேரலாம், கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தலைவலி, வாந்தி வரும். நல்ல மூக்கு உள்ளவர்களும் இதில் ஏமாந்துபோவதுண்டு. சமையலறையில் கேஸ் கசிவைச் சொல்லும் அலாரம் ஒன்றும் மாட்டிவிடுங்கள்.

எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரக்கூடும்.