தகட்டுக்கால் போட்டு ஓடினால் அநியாயமா?

கேள்வி: முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த என் தம்பிக்குப் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட ஆசை. காபன் இழைத் தகட்டுக்கால் (ஓடுவதற்கான வளைந்த செயற்கைக்கால்) போட்டால் "அது மிசின் வேகம், மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம்" என்கிறார்கள். உண்மையா? வாங்கலாமா?
– வாசகி, மாங்குளம்

பதில்: இந்த வழக்கு உலக அளவிலேயே நடந்தது. தகட்டுக்கால்களோடு ஓடிய தென்னாபிரிக்க வீரர் ஒஸ்கார் பிஸ்டோரியசை 2008 ஜனவரியில் சர்வதேச தடகளச் சம்மேளனம் தன் போட்டிகளில் ஓடவிடாமல் தடுத்தது. தகட்டால் வரும் நன்மையையும் பாதகத்தையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் லாபம் என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, மே மாதம் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2020இல் அமெரிக்க ஓட்டவீரர் பிளேக் லீப்பரின் வழக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அவருடைய தகடுகள் அளவுக்கு மிஞ்சி உயரமாக இருந்தன. கால் நீண்டால் எட்டும் நீளும். ஆனால் இவர்கள் இருவருக்கும் இரண்டு கால்களும் இல்லை. உங்கள் தம்பிக்கு மற்றக் கால் இருக்கிறது, தகட்டை அதைவிட அதிகம் நீட்ட முடியாது. தகடு அழுந்தும்போது வாங்கிய சக்தியில் ஒரு பங்கைத் திருப்பித் தருமே தவிர, கெண்டைத் தசைபோல் புதிதாக உந்தாது. புறப்படும்போது பின்தங்கத்தான் செய்வார். நீளம் பாய்தல் என்றால் கதை வேறு. ஒரு காலில் தகடு பூட்டிய மார்க்குஸ் ரேம் 2014இல் 8.24 மீற்றர் பாய்ந்து ஜேர்மன் சம்பியனானார். தகடு அவருக்குக் கூடுதல் உந்தல் தந்ததா என்ற சர்ச்சையில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தகட்டை இப்போது வாங்காதீர்கள். முதலில் எஞ்சிய கால்முனை நுழையும் சொக்கெற் சரியாக இருக்கவேண்டும். பகலில் முனை சுருங்கும். தளர்ந்தால் அடிநுனி இடித்து நோகும், அப்போது முனைமேல் இன்னொரு காலுறை போடவேண்டும். வன்னி வெயிலில் முனையில் அணியும் சிலிக்கோன் உறைக்குள் வியர்வை தேங்கி வழுக்கும். ஓடி முடிந்ததும் கழற்றித் துடையுங்கள். இரவில் உறையை மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, சவர்க்காரம் முழுவதும் போக அலசி, நிழலில் உலர்த்துங்கள். கழற்றி 20 நிமிடமாகியும் முனைத்தோலின் சிவப்பு மறையாவிட்டால் அன்று ஓட்டம் வேண்டாம், கால் செய்த நிலையத்தில் காட்டுங்கள்.

தகட்டின் விறைப்பை நிறை பார்த்துத் தெரிவுசெய்வார்கள். வளரும் பிள்ளைக்கு நிறையும் அதற்கேற்ற விறைப்பும் மாறும், ஆகவே இணையத்தில் பார்த்து ஓடர் பண்ணுவது வீண்செலவு. தகட்டுக்குக் குதி இல்லை, அசையாமல் நிற்பது கடினம். வகுப்புக்குப் போக வேறு கால் வேண்டும். கிரவல் மைதானத்தில் தகட்டின் அடி இறப்பர் சீக்கிரம் தேயும். காபன் விளிம்பு தெரியத் தொடங்கினால் மாற்றியபிறகே ஓடவிடுங்கள்.